ஐந்தாம் மண்டலத்தில் இந்தியா: டிவிடி வட்டுக்குள் வரையப்பட்ட உலக வரைபடம்

பழைய டிவிடி உறை ஒன்றின் பின்னட்டையைப் பாருங்கள். அடிப்பகுதியில், பட்டைக் குறியீட்டுக்கு அருகில், ஒரு சிறிய உலக உருண்டையும் அதன் நடுவே ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்காவில் வாங்கிய வட்டானால் அந்த எண் 1. லண்டனிலோ டோக்கியோவிலோ வாங்கியதானால் 2. சிங்கப்பூரில் 3, சிட்னியில் 4. இந்தியச் சந்தைக்கென ஹாலிவுட் நிறுவனங்கள் வெளியிட்டதானால் 5. இந்த எண்ணைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அதை எப்படிக் கடப்பது என்று மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். அந்த எல்லையை வரைந்தவர் யார், எதற்காக வரைந்தார், நாம் ஏன் ஐந்தில் நிறுத்தப்பட்டோம் என்று கேட்பது அரிது. திரைப்படத்தையும் ஊடகத்தையும் ஆய்வுப் பொருளாகக் கொண்டவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஒரு நாட்டில் வாங்கிய வட்டு இன்னொரு நாட்டில் ஓடாமல் போனதற்கு இரு வேறு காரணங்கள் இருந்தன. ஒன்று, பொறியியல் வரலாறு தன் போக்கில் விட்டுச்சென்ற வேறுபாடு. மற்றொன்று, வணிகம் திட்டமிட்டு எழுப்பிய தடை. முதலாவது மெல்லத் தேய்ந்துகொண்டிருந்த காலத்திலேதான் இரண்டாவது எழுப்பப்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும்போது, மனிதர் கூடி எடுத்த ஒரு முடிவு இயற்கை நியதிபோலத் தோன்றிவிடுகிறது. எனவே முதலில் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

1. மின்சாரம் வகுத்த எல்லை

தொலைக்காட்சியின் தொடக்க காலத்தில், ஒரு நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற முடிவு அந்தந்த நாட்டின் மின்சார அலைவெண்ணோடு பிணைந்திருந்தது. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே 525 கோடுகளும் நொடிக்கு ஏறத்தாழ 30 சட்டகங்களும் கொண்ட முறை நிலைபெற்றது. 1953-இல் அதனோடு வண்ணம் சேர்க்கப்பட்டபோது சட்டக வேகம் 29.97 என்று சற்றே குறைக்கப்பட்டது. என்.டி.எஸ்.சி. என்று நாம் அறியும் முறை இதுவே. ஐரோப்பிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அங்கே 625 கோடுகள், நொடிக்கு 25 சட்டகங்கள். இதன் மேல் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய வண்ண முறை பி.ஏ.எல். எனப்பட்டது. பிரான்ஸ் செக்காம் என்ற மூன்றாவது முறையைக் கைக்கொண்டது. சோவியத் ஒன்றியமும் அதையே பின்பற்றியது.

இந்தியாவில் 1959 செப்டம்பரில் டெல்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1982-இல், ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்த ஆண்டில், வண்ணம் வந்தது. நாம் தேர்ந்தது பி.ஏ.எல். நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான் என்பதால் இத்தேர்வில் வியப்பில்லை.

டிவிடியும் இந்த வரலாற்றைச் சுமந்தே பிறந்தது. அதில் படம் எண்ம வடிவில் பதிவாகியிருந்தாலும், அன்றைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு ஏற்ற அளவில்தான் பதிவாகியிருந்தது. அமெரிக்க, ஜப்பானிய வட்டுகளில் ஒரு சட்டகம் 720-க்கு 480 புள்ளிகள். ஐரோப்பிய, இந்திய முறைக்கான வட்டுகளில் 720-க்கு 576 புள்ளிகள். செக்காம் நாடுகளுக்கெனத் தனி வட்டு கிடையாது. அவையும் 625 கோட்டு வட்டையே பயன்படுத்தின.

திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களில் எடுக்கப்படுவது. அதை 25 சட்டக முறைக்குக் கொண்டுவர எளிய வழி ஒன்று இருந்தது: படத்தைச் சற்று வேகமாக ஓட்டிவிடுவது. இதனால் 120 நிமிடப் படம் பி.ஏ.எல். வட்டில் 115 நிமிடம் 12 நொடியில் முடிந்துவிடும். ஒலியின் சுருதியும் திருத்தப்படாவிட்டால் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக உயர்ந்துவிடும். என்.டி.எஸ்.சி. வட்டில் வேறு உத்தி: நான்கு திரைப்படச் சட்டகங்களைப் பத்து அரைச் சட்டகங்களாகப் பிரித்து ஐந்து ஒளிப்படச் சட்டகங்களில் பரப்புவது. அங்கே நீளம் மாறாது. ஆனால் கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் ஒரு மெல்லிய திக்கல் தெரியும்.

இது தொழில்நுட்ப நுணுக்கம் மட்டுமன்று. ஷாட்களின் சராசரி நீளத்தை அளந்து ஓர் இயக்குநரின் நடையை ஒப்பிடும் ஆய்வாளர், ஒரு படத்தை ஐரோப்பிய வட்டிலும் இன்னொன்றை அமெரிக்க வட்டிலும் அளந்தால், 10 நொடி ஷாட் ஒன்று ஓரிடத்தில் 9.6 நொடியாகப் பதிவாகும். நான்கு விழுக்காடு வேறுபாடு இயக்குநரிடமிருந்து வரவில்லை, வட்டிலிருந்து வந்தது. திரையிசையின் சுருதியை ஆராய்பவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஆனால் இந்த எல்லை நிலையானதாக இல்லை. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பயணப்பெட்டிகளோடு வந்த 'மல்டி சிஸ்டம்' பெட்டிகள் வி.எச்.எஸ். காலத்திலேயே இரு முறைகளையும் ஏற்றுக்கொண்டன. டிவிடி வந்தபோது, பி.ஏ.எல். நாடுகளில் விற்ற பிளேயர்களும் தொலைக்காட்சிகளும் பெரும்பாலும் என்.டி.எஸ்.சி. வட்டையும் காட்டின. பொறியியல் ஏற்படுத்திய வேறுபாட்டைப் பொறியியலே தீர்த்துக்கொண்டிருந்தது.

2. பத்து நிறுவனங்கள், எட்டு மண்டலங்கள்

1995-இல் இரு போட்டி வடிவங்கள் ஒன்றாக்கப்பட்டு டிவிடிக்கு ஒரே தரம் முடிவானது. அதன் பின்னே பத்து நிறுவனங்கள் கூட்டாக நின்றன: ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, மிட்சுபிஷி, பிலிப்ஸ், பயனியர், சோனி, தாம்சன், டைம் வார்னர், டோஷிபா, ஜே.வி.சி. இப்பட்டியலில் பெரும்பாலானவை கருவி செய்பவை. ஆயினும் திரைப்படங்கள் இல்லாத வட்டை யாரும் வாங்கமாட்டார்கள்; எனவே ஹாலிவுட்டின் நிபந்தனைகள் தரத்துக்குள்ளேயே இடம்பெற்றன. 1996 நவம்பரில் ஜப்பானிலும் 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் டிவிடி விற்பனைக்கு வந்தபோது, மண்டலக் குறியீடும் அதனோடு வந்தது.

ஹாலிவுட்டின் வாதம் திரையரங்கக் கால அட்டவணையைச் சார்ந்தது. அக்காலத்தில் ஒரு படம் முதலில் அமெரிக்காவில் வெளியாகும். பல மாதங்கள் கழித்தே பிற கண்டங்களுக்குச் செல்லும். பிரதிகள் விலை மிகுந்தவை. ஓரிடத்தில் ஓடி முடிந்தவை அடுத்த இடத்துக்கு அனுப்பப்பட்டன. அமெரிக்காவில் வட்டு கடைக்கு வரும் நாளில் அதே படம் வேறொரு நாட்டின் திரையரங்கில் இன்னும் வெளியாகாமல் இருக்கலாம். வட்டு விமானம் ஏறிவிட்டால் அந்தத் திரையரங்கம் நட்டப்படும். இதோடு வேறிரு காரணங்களும் இருந்தன: நாட்டுக்கு நாடு வெவ்வேறு விலை வைக்கும் வசதி, ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் வெவ்வேறு விநியோகஸ்தருக்கு உரிமை விற்கும் வழக்கம்.

இந்த வாதத்தின் பலவீனம் வெளிப்படையானது. திரையரங்க அட்டவணையைக் காப்பதுதான் நோக்கமென்றால் பூட்டுக்கு ஒரு காலக்கெடு இருந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் இல்லை. திரையரங்கை விட்டு அரை நூற்றாண்டுக்கு முன்பே அகன்றுவிட்ட படங்களின் வட்டுகளிலும் அதே பூட்டு போடப்பட்டது.

உலகம் எட்டாகப் பிரிக்கப்பட்டது. அமெரிக்காவும் கனடாவும் முதல் மண்டலம். மேற்கு ஐரோப்பா, ஜப்பான், மேற்காசியா, எகிப்து, தென்னாப்பிரிக்கா ஆகியவை இரண்டாவது. தென்கிழக்காசியா, தென்கொரியா, தைவான், ஹாங்காங் மூன்றாவது. லத்தீன் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நான்காவது. இந்தியத் துணைக்கண்டம், முன்னாள் சோவியத் நாடுகளில் பெரும்பாலானவை, ஆப்பிரிக்காவின் எஞ்சிய நாடுகள், மங்கோலியா, வடகொரியா ஆகியவை ஐந்தாவது. சீனப் பெருநிலம் ஆறாவது. ஏழாவது எண் ஒதுக்கிவைக்கப்பட்டது; எட்டாவது விமானம், கப்பல் போன்ற எந்நாட்டிலும் சேராத இடங்களுக்கு.

இந்த வரைபடத்தை வரலாற்று ஆவணமாக வாசித்துப் பாருங்கள். ஹாங்காங் 1997 ஜூலையில் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. வட்டின் வரைபடத்தில் அது மூன்றிலேயே நின்றது, பெருநிலம் ஆறில் நின்றது. இரு கொரியாக்கள் மூன்றிலும் ஐந்திலும் பிரிந்து கிடந்தன. ஆப்பிரிக்காவின் வட முனையிலும் தென் முனையிலும் உள்ள சில நாடுகள் ஐரோப்பாவோடு சேர்க்கப்பட்டன. ஜப்பானும் ஐரோப்பாவும் ஒரே மண்டலம் என்றாலும் தொலைக்காட்சி முறை வேறு. ஆகவே மண்டல எண் பொருந்தியும் படம் சரியாகத் தெரியாத நிலை அங்கே உண்டாயிற்று. இரு தடைகளும் வெவ்வேறானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மொழியோ பண்பாடோ நில அண்மையோ இவ்வரைபடத்தின் அடிப்படை அன்று. ஒரு தொழில்துறை தன் வருவாயை எங்கே முதலில் எதிர்பார்த்தது, எங்கே கடைசியில் எதிர்பார்த்தது என்பதே இதில் பதிவாகியிருக்கிறது.

2009 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஒபாமா பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கப் படங்களின் டிவிடித் தொகுப்பைப் பரிசளித்தார். அவை பிரிட்டனில் ஓடாத முதல் மண்டல வட்டுகள் என்று பிரிட்டிஷ் நாளேடுகள் கேலியாக எழுதின. பரிசளித்தவரின் பதவியையோ பெற்றவரின் பதவியையோ அந்த எண் பொருட்படுத்தாது என்பதே அச்செய்தியின் சுவை.

3. எட்டு பிட்டுகளும் ஓர் ஒப்பந்தமும்

இவ்வளவு பெரிய பிரிவினை வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம் ஒரே ஒரு பைட், அதாவது எட்டு பிட்டுகள். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு பிட். அதில் 1 இருந்தால் அங்கே தடை. 0 இருந்தால் அனுமதி. ஐந்தாம் மண்டலத்துக்கு மட்டுமான வட்டில் 11101111 என்று எழுதப்பட்டிருக்கும். எட்டும் சுழியமாக இருந்தால் வட்டு எங்கும் ஓடும். கடைக்காரர்கள் சொல்லும் 'ரீஜன் ஜீரோ' இதுதான். தரத்தில் அப்படியொரு மண்டலம் கிடையாது. பிளேயருக்குள் அதன் சொந்த எண் பதிந்திருக்கும். வட்டைச் செருகியதும் பிளேயர் தன் எண்ணுக்குரிய பிட்டைப் பார்க்கும். 1 என்றிருந்தால் மறுத்துவிடும்.

இத்தனை எளிய சோதனையை ஒரு தயாரிப்பாளர் ஏன் தன் பிளேயரில் வைக்க வேண்டும்? வைக்காவிட்டால் அவருக்கே விற்பனை கூடுமே! விடை ஒப்பந்தத்தில் இருக்கிறது. திரைப்பட வட்டுகளின் உள்ளடக்கம் சி.எஸ்.எஸ். என்ற மறையாக்க முறையால் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திறக்கும் சாவி வேண்டுமென்றால் உரிமம் பெற வேண்டும். உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்று மண்டலச் சோதனையைக் கடைப்பிடிப்பது. மண்டலக் குறியீட்டை எந்த நாட்டின் சட்டமன்றமும் இயற்றவில்லை. தனியார் ஒப்பந்தம் ஒன்று கருவியின் வழியாக உலகெங்கும் சட்டம்போல் செயல்பட்டது.

நடைமுறையில் இந்தக் கட்டுப்பாடு ஓட்டை விழுந்ததாகவே இருந்தது. பல பிளேயர்களில் ரிமோட்டில் சில எண்களை வரிசையாக அழுத்தினால் மறைந்திருக்கும் பட்டியல் ஒன்று திறந்து மண்டலத்தை மாற்ற இடம் தரும். கடைகள் 'மல்டி ரீஜன்' என்று விளம்பரம் செய்தே விற்றன. எதிர்வினையாக நிறுவனங்கள் இரண்டு காரியங்கள் செய்தன. 2000 ஜனவரி முதல் கணினியின் டிவிடி டிரைவில் மண்டல எண் வன்பொருளிலேயே பதியப்பட்டது. பயனர் அதை ஐந்து முறை மட்டுமே மாற்றலாம், ஐந்தாவது மாற்றம் நிலைத்துவிடும். அதே ஆண்டின் இறுதியில், எல்லா மண்டலத்துக்கும் திறந்துவிடப்பட்ட பிளேயர்களைக் கண்டுபிடித்து மறுக்கும் கூடுதல் நிரல் முதல் மண்டல வட்டுகள் சிலவற்றில் சேர்க்கப்பட்டது. வெளிநாடு சென்று திரும்பிய மாணவர்கள் தம் மடிக்கணினியில் அந்த ஐந்து வாய்ப்புகளையும் எண்ணி எண்ணிச் செலவிட்ட காலம் பலருக்கு நினைவிருக்கும்.

4. நீதிமன்றங்கள் சொன்னவை

1999 அக்டோபரில் டி.சி.எஸ்.எஸ். என்ற சிறிய நிரல் இணையத்தில் வெளியாயிற்று. அது வட்டின் மறையாக்கத்தைத் திறந்தது. அதனோடு தொடர்புடைய நார்வே இளைஞர் யோன் லெக் யோகான்சனுக்கு அப்போது வயது 15. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க உரிமம் பெற்ற மென்பொருள் இல்லை என்பதே அந்நிரலின் பின்னணியாகச் சொல்லப்பட்டது. நார்வே அரசு அவர் மீது வழக்குத் தொடுத்தது. 2003 ஜனவரியில் கீழ் நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவரை விடுவித்தன. முறையாக விலை கொடுத்து வாங்கிய வட்டைத் தனக்கு வேண்டிய கருவியில் பார்ப்பது குற்றமாகாது என்பது அத்தீர்ப்புகளின் சாரம்.

அமெரிக்காவில் முடிவு நேர்மாறு. 1998-இன் டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைக்கும் கருவியைப் பரப்புவதையே தடை செய்திருந்தது. 2000-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதி லூயிஸ் கப்லான் அந்நிரலை வெளியிட்ட இதழுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். 2001-இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று.

மூன்றாவது வழி ஆஸ்திரேலியாவினுடையது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2000-களின் தொடக்கத்திலேயே மண்டலக் குறியீடு போட்டியைக் குறைக்கிறதா என்று கேள்வி எழுப்பியது. 2006-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது ஒரு முக்கியமான வரையறை சேர்ந்தது: வெளிநாட்டில் வாங்கிய முறையான திரைப்படப் பிரதி உள்நாட்டில் ஓடாதபடி செய்து சந்தையைப் பிரிக்கும் கட்டுப்பாடு, சட்டத்தின் காப்புக்குரிய 'தொழில்நுட்பப் பாதுகாப்பு' ஆகாது. நியூசிலாந்தும் 2008-இல் இதையொத்த நிலையை எடுத்தது. படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டு வேறு, புவியியல் பூட்டு வேறு என்று இரு நாடுகளும் சட்ட மொழியிலேயே பிரித்துக் காட்டின.

5. இந்தியா: தொழிலின் விடையும் சட்டத்தின் விடையும்

இந்தியத் திரைப்படத் தொழில் இந்த வரைபடத்தை வாதிட்டு எதிர்க்கவில்லை, பொருட்படுத்தாமல் விட்டுவிட்டது. காரணம் எளிது. ஒரு தமிழ்ப் படத்தின் பார்வையாளர் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்தால் ஐந்தாம் மண்டலம், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மூன்று, துபாயிலும் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு, டொராண்டோவில் ஒன்று, சிட்னியில் நான்கு. ஒரே குடும்பத்தின் கிளைகளே ஐந்து மண்டலங்களில் பரவியிருக்கும். இந்திப் படத்துக்கும் இதே நிலைதான். எனவே இந்திய வட்டுகள் பெரும்பாலும் எல்லா மண்டலத்துக்கும் திறந்தவையாகவே அச்சிடப்பட்டன.

இன்னொரு நுட்பமும் உண்டு: பி.ஏ.எல். நாடான இந்தியாவில் தயாரான வட்டுகளில் பல என்.டி.எஸ்.சி. முறையில் இருந்தன. நம் பிளேயர்கள் இரண்டையும் காட்டும். அமெரிக்கப் பிளேயர்கள் பலவும் தம் முறையை மட்டுமே காட்டும். ஒரே அச்சில் இரு சந்தையையும் எட்ட இதுவே சிக்கனமான வழி. ஆய்வாளர்கள் பழைய இந்திய வட்டுகளில் காணும் மங்கலும் நிழலாட்டமும் சில வேளைகளில் இந்த முறைமாற்றத்தின் தடங்களே. மூலப் படச்சுருளின் குறையென்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது.

விலைப் போட்டியும் வேறு திசையில் நடந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து நம் வீடுகளை ஆண்ட வி.சி.டி.யில் மண்டலக் குறியீடே கிடையாது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது, திருட்டு வட்டுக்கு எதிராக அது நம்பியது விலையை. எல்லைப் பூட்டை அன்று.

சட்டம் அவ்வளவு இளகவில்லை. டெல்லியில் 'சினிமா பாரடைசோ' என்ற பெயரில் இயங்கிய வாடகை நிலையம் ஒன்று வெளிநாட்டில் முறையாக வாங்கிய டிவிடிகளை இறக்குமதி செய்து உறுப்பினர்களுக்கு வாடகைக்குத் தந்தது. வார்னர் பிரதர்ஸ் உள்ளிட்ட நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. வட்டுகள் திருட்டுப் பிரதிகள் அல்ல, விலை கொடுக்கப்பட்டுவிட்டது, ஒருமுறை விற்ற பொருளின் மீது விற்றவருக்கு என்ன உரிமை என்பது நிலையத்தின் வாதம். 2009-இல் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ரவீந்திர பட் அதை ஏற்கவில்லை. அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நூலைப் பொறுத்தவரை ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்த பிரதியை விலக்கியிருந்தது. திரைப்படத்தைப் பொறுத்தவரையோ, முன்பே விற்கப்பட்டிருந்தாலும் விற்கவும் வாடகைக்கு விடவும் உள்ள உரிமை உரிமையாளரிடமே தொடரும் என்றிருந்தது. ஆகவே அவரது இசைவின்றி அவ்வட்டுகளை இங்கே வாடகைக்கு விட முடியாது என்று தீர்ப்பாயிற்று. நூலும் திரைப்படமும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல என்பதை நூலகவியல் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

2012 திருத்தம் சில கதவுகளைத் திறந்தது, ஒன்றை மூடியே வைத்தது. 'முன்பே விற்கப்பட்டிருந்தாலும்' என்ற பொருள்தரும் தொடர் நீக்கப்பட்டது. வாடகை என்பது 'வணிக வாடகை' ஆயிற்று. இலாப நோக்கற்ற நூலகமும் கல்வி நிறுவனமும் முறையாகப் பெற்ற பிரதியை இரவல் தருவது அதில் சேராது என்று வரையறுக்கப்பட்டது. புதிய 65-ஏ பிரிவு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆனால் 'உரிமையை மீறும் நோக்கத்துடன்' உடைத்தால் மட்டுமே. அமெரிக்கச் சட்டத்திலிருந்து இது பெரிதும் விலகிய நிலை. முறையாக வாங்கிய வட்டைப் பார்ப்பதற்காக மட்டும் மண்டலத்தைக் கடப்பவரிடம் அந்த நோக்கத்தைக் காண்பது கடினம் என்பது என் வாசிப்பு. மூடியே இருந்த கதவு இணை இறக்குமதி. ஆசிரியரின் இசைவோடு வெளிநாட்டில் வெளியான பிரதியை இறக்குமதி செய்வது மீறலாகாது என்ற விதி 2010 மசோதாவில் இருந்தது. பதிப்பாளர்களின் கடும் எதிர்ப்புக்கிடையே இறுதிச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை.

இந்தச் சட்டத்திலேயே பழைய விதிவிலக்கு ஒன்று உண்டு. 51-ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் சொந்த, வீட்டுப் பயனுக்காக எந்தப் படைப்பின் ஒரு பிரதியையும் இறக்குமதி செய்யலாம். இந்தியச் சட்டம் அந்த வட்டை நம் வீட்டுக்குள் அனுமதிக்கிறது. வீட்டிலிருக்கும் பிளேயர் மறுக்கிறது. நாடாளுமன்றம் தந்த உரிமையை ஒரு தனியார் உரிம ஒப்பந்தம் பயனற்றதாக்க முடியும் என்பதுதான் மண்டலக் குறியீட்டின் வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய மையச் செய்தி.

6. அப்புவின் திரும்பாப் பயணம்

இதில் நமக்கு என்ன இழப்பு என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. சத்யஜித் ராயின் அப்பு முப்படங்களின் மூல நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் ஆய்வகம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் கருகின. பல்லாண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் அகாடமி திரைப்படக் காப்பகமும் கிரைட்டீரியன் நிறுவனமும், இத்தாலியின் போலோன்யா நகரிலுள்ள சீரமைப்பு ஆய்வகமும் இணைந்து, கருகிய சுருளில் மீட்கக்கூடிய சட்டகங்களை மீட்டு அப்படங்களைப் புதுப்பித்தன. 2015-இல் அமெரிக்காவில் அவை புளூ-ரே வட்டாக வெளியாயின.

புளூ-ரேயில் மண்டலங்கள் எட்டிலிருந்து மூன்றாகக் குறைந்திருந்தன: ஏ, பி, சி. அமெரிக்கா ஏ; இந்தியா, சீனா, ரஷ்யா சி. வங்காளத்துச் சிற்றூரில் எடுக்கப்பட்ட ஒரு படத்தின் ஆகச் சிறந்த பிரதி, அது எடுக்கப்பட்ட நாட்டில் விற்கும் பிளேயரில் ஓடாத ஏ மண்டல வட்டாக வந்தது. சீரமைத்தவர்களின் உழைப்பு போற்றத்தக்கது, அதில் ஐயமில்லை. ஆனால் வரைபடம் அந்த உழைப்பை அறியாது. படம் எங்கே பிறந்தது என்பதற்கு அதில் ஒரு பிட் கூட ஒதுக்கப்படவில்லை.

7. வட்டுக்குப் பின்

2016-இல் வந்த அல்ட்ரா எச்.டி. புளூ-ரேயில் மண்டலக் குறியீடு கைவிடப்பட்டது. பெரிய படங்கள் உலகெங்கும் ஒரே வாரத்தில் வெளியாகத் தொடங்கிய பின் பழைய அட்டவணை வாதத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. ஆனால் அதே 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியா உள்ளிட்ட 130 நாடுகளில் ஒரே நாளில் அடியெடுத்து வைத்தது. நாட்டுக்கு நாடு அதன் படப் பட்டியல் வேறு. எல்லை மறையவில்லை, பிளேயரின் எண்ணிலிருந்து நம் இணைய முகவரிக்கு இடம்பெயர்ந்தது.

இந்த இடப்பெயர்ச்சியில் ஒரு வேறுபாடு உண்டு. வட்டுக் காலத்தில் பூட்டு நம் கையிலிருந்த பொருளின் மீது இருந்தது. உறையில் எண் அச்சிட்டிருந்தது. அதைப் பார்க்கலாம், வழக்காடலாம், ஆஸ்திரேலியாவைப் போலச் சட்டத்தில் பெயர்சொல்லி விலக்கலாம். இன்று பட்டியலில் இல்லாத படம் மறுக்கப்பட்டதாகக்கூடத் தெரிவதில்லை; அது இல்லவே இல்லை என்று தோன்றுகிறது. காணாமற்போனதை எண்ணிப் பார்க்கவும் இயலாத ஆவணக் களத்தில் வரலாறு எழுதுவது எப்படி என்பது வரும் தலைமுறை ஆய்வாளர்களின் சிக்கலாக இருக்கும்.

அதற்கு முன் நம் கையில் இருப்பதைக் காப்போம். பல்கலைக்கழக நூலகங்களும் துறை நூலகங்களும் வட்டுகளைக் கழித்துக்கட்டும் காலம் இது. அவற்றில் பல எந்த இணையத் தளத்திலும் இல்லாத பதிப்புகள். மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, நூலகப் பட்டியலில் ஒவ்வொரு வட்டுக்கும் மண்டலம், தொலைக்காட்சி முறை, ஓடும் நேரம் மூன்றையும் பதியுங்கள்; ஆர்.டி.ஏ. பட்டியலிடும் விதிகளில் மண்டலக் குறியீட்டுக்கென்றே ஒரு கூறு உள்ளது. இரண்டாவது, வட்டோடு கருவியையும் ஆவணமாகக் கருதுங்கள். எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்று இல்லாத வட்டுத் தொகுப்பு, படிக்கத் தெரிந்தவர் இல்லாத ஓலைச்சுவடிக் கட்டைப் போன்றது. மூன்றாவது, ஆய்வேட்டில் ஒரு படத்தை மேற்கோள் காட்டும்போது இயக்குநர் பெயரோடும் ஆண்டோடும் நிறுத்திவிடாமல், எந்த நாட்டுப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். 115 நிமிடப் படமும் 120 நிமிடப் படமும் ஒன்றாக இருக்கலாம். அதை உங்கள் அடிக்குறிப்பு சொல்லாவிட்டால் பின்னால் வருபவர் வெட்டப்பட்ட பிரதி என்று எழுதிவிடுவார்.

உங்கள் துறை நூலகத்தில் இருக்கும் வட்டுகள் எந்த மண்டலத்தவை, அவற்றை ஓட்டும் கருவி இன்னும் இயங்குகிறதா என்று இந்த வாரமே ஒருமுறை பார்த்துவிட்டு, கண்டதைக் கீழே பதியுங்கள். சிதறிக் கிடக்கும் அத்தகவல்கள் ஓரிடத்தில் சேர்ந்தாலே ஒரு நல்ல ஆய்வுக்கான தொடக்கமாக அமையும்.